எவர்சில்வர் கரண்டியா, மரக்கரண்டியா: எது அதிகம் குளிர்ச்சி?

மார்ச் 9, மாலை (இழையைத் தொடங்கிய கேள்வி)

ஏழாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு வெப்பம் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். ராத்திரி முழுக்க ஒரே அறையில் கிடந்த எவர்சில்வர் கரண்டியும் மரக்கரண்டியும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும் என்று போட்டிருக்கிறது. தொட்டால் எவர்சில்வர் ஜில்லென்று இருக்கிறது, மரம் அப்படி இல்லை. "அப்பா, புத்தகம் பொய் சொல்லுது" என்கிறான் பையன். எனக்கும் அப்படித்தான் படுகிறது. உலோகம் இயல்பிலேயே குளிர்ச்சி என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன தப்பு?

மார்ச் 9, இரவு 10.40

தப்பு இருக்கிறது சார். இந்த ஒரு இடத்தில் வழுக்கினால் பாடம் முழுவதும் மனப்பாடமாகிவிடும். மதுரையில் என் வீட்டுத் திண்ணையில் தினமும் சாயங்காலம் பதினோரு பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். வருஷா வருஷம் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள்.

விடையைச் சொல்லாதீர்கள். நாளைக் காலையில் வெயில் ஏறும் முன்பு அடுப்பில் ஏற்றாத தோசைக்கல்லையும் சப்பாத்திப் பலகையையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பையன் இரண்டையும் தொட்டுப் பார்க்கட்டும். இரண்டின் மேலும் ஒரே அளவு ஐஸ் கட்டி ஒவ்வொன்று வைக்கப் போவதாகச் சொல்லி, எது முதலில் உருகும் என்று கேளுங்கள். அவன் சொல்வதைத் தாளில் எழுதி வாங்கிய பிறகு ஐஸை வையுங்கள். எழுதி வாங்குவதுதான் முக்கியம். வாயால் சொன்னதைப் பிறகு மாற்றிச் சொல்லிவிடுவார்கள், குழந்தைகள் மட்டுமல்ல.

மார்ச் 11

நானும் நேற்றுச் செய்தேன். பதினோரு பேரில் ஒன்பது பேர் "பலகை மேல இருக்கிறது முதல்ல உருகும்" என்று எழுதினார்கள். கல் ஜில்லென்று இருப்பதால் ஐஸ் அதன்மேல் பத்திரமாக இருக்குமாம். ஒரு பையன் "ரெண்டும் ஒண்ணா" என்று எழுதினான். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் கல் என்றாள், காரணம் கேட்டால் தெரியாது என்றாள்.

தோசைக்கல்லில் வைத்த ஐஸ் முதலில் சற்று வழுக்கியது. அரை நிமிடத்துக்குள் அடியில் தண்ணீர் கட்டிவிட்டது. பிறகு கட்டி சுற்றிச் சுற்றி நகர்ந்துகொண்டே சுருங்கியது, பல்லி முட்டை அளவு, அப்புறம் அரிசி அளவு, ஏழாவது நிமிடத்தில் ஒன்றுமில்லை. பலகை மேல் இருந்தது விளிம்பு மட்டும் மழுங்கி அப்படியே உட்கார்ந்திருந்தது. யாரும் பேசவில்லை. கடைசியில் ஒரு சின்னவன் கல்லைத் தொட்டுப் பார்த்து, "இப்பதான் மிஸ் நெஜமாவே ஜில்லுனு ஆயிருக்கு" என்றான்.

என் பாடம் முழுவதையும் அந்த வாக்கியத்திலிருந்து தொடங்கலாம். முன்பு கல் குளிர்ச்சியாக இல்லை, அறையின் வெப்பநிலையில்தான் இருந்தது. ஐஸுக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்த பிறகுதான் குளிர்ந்தது.

மார்ச் 11, கொஞ்ச நேரம் கழித்து

கேள்வி கேட்டவருக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். கை என்பது வெப்பமானி அல்ல. தன்னிடமிருந்து வெப்பம் எவ்வளவு வேகமாகப் போகிறது, அல்லது தனக்குள் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைத்தான் அது உணர்கிறது. உள்ளங்கைத் தோல் சுமார் 33 டிகிரி, காலையில் அறை 25 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வரைத் தொட்டால் கையின் வெப்பம் மளமளவென்று அதற்குள் இறங்குகிறது. மரத்தைத் தொட்டால் தொட்ட இடம் மட்டும் சட்டென்று சூடாகிவிடும், வெப்பம் அதைத் தாண்டி உள்ளே போக நேரமாகும். கையைப் பொறுத்தவரை முதலாவது "ஜில்", இரண்டாவது "பரவாயில்லை".

உலோகங்களில் எவர்சில்வர் மந்தமான கடத்திதான். அதுவே மரத்தைப்போல நூறு மடங்கு அளவுக்கு வெப்பத்தைக் கடத்தும். செம்பு எவர்சில்வரைவிட இருபத்தைந்து மடங்கு போல. சில பாத்திரங்களுக்கு அடியில் செம்பு பூசுவது இதனால்தான். எவர்சில்வர் மட்டும் என்றால் சுடர் படும் இடத்தில் பால் அடிப்பிடித்துவிடும், பக்கத்தில் சூடே ஏறியிருக்காது.

மார்ச் 14

கோவையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடத்தும் திறன் மட்டும்தான் காரணமா?" சரியான கேள்வி. நான் எழுதியது முழுசாக இல்லை. எவ்வளவு அடர்த்தியான பொருள், ஒரு கிராமை ஒரு டிகிரி ஏற்ற எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பவையும் சேர்ந்துதான் தொட்டவுடன் வரும் உணர்வைத் தீர்மானிக்கின்றன. தோசைக்கல் கனமாக இருந்ததால்தான் ஐஸ் அத்தனையையும் உருக்கிய பிறகும் அது சில டிகிரிதான் இறங்கியது. மெல்லிய அலுமினியத் தாளில் வைத்திருந்தால் தாள் சட்டென்று குளிர்ந்து கையிருப்பு தீர்ந்துபோயிருக்கும். ஏழாம் வகுப்புக்குக் கடத்தல் மட்டும் போதும், ஆனால் பெரியவர்கள் நமக்கு மீதியும் தெரிந்திருக்க வேண்டும்.

மார்ச் 20

இன்று ஸ்வெட்டர் பாடம். ஊட்டி போய்வந்த பெண் ஒருத்தியின் கம்பளித் தொப்பியை வாங்கி, ஒரு ஐஸ் கட்டியை பாலிதீன் பையில் போட்டுக் கட்டித் தொப்பிக்குள் சுருட்டி வைத்தேன். இன்னொன்றை அதேபோல் பையில் போட்டு வெளியே வைத்தேன். "தொப்பிக்குள்ள இருக்கிறது செத்துச்சு" என்று எல்லாரும் ஒரே குரலில். வெளியே இருந்தது முழுவதும் தண்ணீரான பிறகு தொப்பியைப் பிரித்தோம், உள்ளே பாதிக்கு மேல் கட்டியாகவே இருந்தது. தொப்பிக்குச் சொந்தக்காரிக்குத்தான் ஏமாற்றம். "அப்ப இது சூடு குடுக்காதா?"

கொடுக்காது கண்ணு. கம்பளிக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. உன் தலையின் சூடு வெளியே போகாமலும் வெளிச்சூடு ஐஸுக்குப் போகாமலும் தடுக்கிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

மார்ச் 21

நேற்றைய குறிப்பை எழுதிவிட்டுப் படுத்தபோது பழைய ஐஸ் வண்டி நினைவுக்கு வந்தது. எங்கள் தெருவில் பெரிய ஐஸ் பாளங்களைக் கோணிச்சாக்கில் சுற்றி, மரத்தூளைக் கொட்டி மூடிக்கொண்டு வருவார்கள். மரத்தூள்தான் ஐஸைக் குளிர வைக்கிறது என்று பத்து வயது வரை நம்பியிருந்தேன்.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு பெரிய கதையே இருக்கிறது. ஐஸ் ஹவுஸ் என்று பேருந்து நிறுத்தத்தில் கேட்டிருப்பீர்கள். மெரினா கடற்கரை எதிரே இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம் 1842-ல் ஐஸ் சேமிப்பதற்காகவே கட்டியது. ஐஸ் வந்தது அமெரிக்காவிலிருந்து. பாஸ்டன் வட்டாரத்து ஏரிகள் குளிர்காலத்தில் உறையும்போது பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளுக்கிடையில் அடுக்கிக் கப்பலேற்றினார் ஃபிரடெரிக் டியூடர். 1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து 180 டன் ஐஸுடன் கல்கத்தாவுக்குக் கிளம்பிய அவருடைய கப்பல் நான்கு மாதம் கழித்துச் சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. இயந்திரம் கிடையாது, மின்சாரம் கிடையாது. வெப்பமண்டலக் கடலில் நான்கு மாதம்! சும்மா எரிக்கும் மரத்தூள் செய்த வேலை. பிள்ளைகளிடம் சொன்னபோது "100 டன்னா எத்தனை லாரி மிஸ்?" என்று கேட்டு, பத்து டன் லாரி பத்து என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொண்டார்கள்.

ஊரில் இங்கேயே ஐஸ் செய்யும் இயந்திரம் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

ஏப்ரல் 2

"வெப்பம் எப்போதும் மேலே போகும்" என்று நேற்று வகுப்பில் சொல்லிவிட்டேன். இன்று வந்ததும் வராததுமாக அந்த எட்டாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "அப்ப தோசைக்கல்லு மேல வச்ச ஐஸுக்கு மட்டும் மேல போச்சு, டம்ளர்ல ஊத்தின காப்பிச் சூடு கீழ வட்டா வரைக்கும் எப்படி மிஸ் போகுது?"

அவள் சொன்னதுதான் சரி. மேலே போவது வெப்பம் அல்ல, சூடான காற்றும் சூடான நீரும். சூடானால் விரியும், இடத்துக்கு ஏற்ற எடை குறையும், குளிர்ந்தது கனமாக இருப்பதால் கீழே இறங்கி அதை மேலே தள்ளும். இது வெப்பச்சலனம். கடத்தலுக்கு மேல், கீழ் கிடையாது. எந்தப் பக்கம் வெப்பநிலை குறைவோ அந்தப் பக்கம் போகும். இதை அடுத்த நாளே திருத்தாமல் விட்டிருந்தால் பதினோரு பேரும் தப்பாகவே எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். நல்ல வேளை.

இந்தச் சொல்லைக் குழந்தைகள் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள். கோடையில் டிவியைப் போட்டால் "வெப்பச்சலனம் காரணமாக இடி மின்னலுடன் கூடிய மழை" என்றுதானே வாசிக்கிறார்கள். பகலெல்லாம் தரை காய்ந்து, அதை ஒட்டிய ஈரக்காற்று சூடாகி மேலே ஏறி, உயரத்தில் குளிர்ந்து மேகமாகி சாயங்காலம் கொட்டுகிறது. கொதிக்கும் உலையில் அரிசி சுழல்வதும் இதே கதைதான்.

ஏப்ரல் 3

ஹாஸ்டலில் வாளிக்குள் ஹீட்டர் ராடு போட்டவர்களுக்குத் தெரியும். மேலே கை வைத்தால் சுடும், குளிக்க ஊற்றினால் பாதிக்கு மேல் பச்சைத் தண்ணீர். ராடு வாளியின் அடிவரை எட்டாது. சூடான நீர் மேலேயே நின்றுவிடும், கீழே இருப்பது குளிர்ந்தபடியே கிடக்கும். தண்ணீர் வெப்பத்தை அவ்வளவாகக் கடத்தாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவிய பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும் என்று இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 16

மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். என்னிடம் வரும் பையன் ஒருவன் பள்ளித் தேர்வில் "மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது?" என்ற கேள்விக்கு, "பானையின் துளைகள் வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது மீதி நீரிடமிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது" என்று எழுதியிருக்கிறான். மதிப்பெண் சுழியம். பக்கத்தில் சிவப்பு மையில் "மண் குளிர்ச்சியானது" என்று திருத்தம். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். திருத்தியவருக்கு நூறு தாள் கட்டு, தூக்கக் கலக்கம், எனக்கும் தெரியும். ஆனால் பையன் அடுத்த தேர்வில் "மண் குளிர்ச்சியானது" என்றே எழுதிவிடுகிறேன் என்கிறான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவனிடம் சொன்னேன்: பெயிண்ட் அடித்த பானையில் தண்ணீர் வைத்துப் பார். அதுவும் மண்தான். துளைகளைப் பெயிண்ட் அடைத்துவிடும். தண்ணீர் குளிராது.

கணக்கும் போட்டுக் காட்டினேன். எட்டு லிட்டர் தண்ணீரை 33-லிருந்து 27 டிகிரிக்கு இறக்க வேண்டும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி மாற்ற 4.2 ஜூல். ஆக சுமார் 2 லட்சம் ஜூல். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக, இந்த வெப்பநிலையில், ஏறக்குறைய 2,430 ஜூல் எடுத்துக்கொள்ளும். வகுத்தால் 83 கிராம். அரை டம்ளர் ஆவியானால் எட்டு லிட்டரும் ஜில்!

ஏப்ரல் 17

சிலர் கேட்டதால்: காப்பியை வட்டாவுக்கும் டம்ளருக்கும் மாற்றி மாற்றி ஆற்றுவதிலும் பெரும்பங்கு ஆவியாதல்தான். உயரத்திலிருந்து மெல்லிய கம்பியாக இறங்கும்போது காற்று படும் பரப்பு கூடுகிறது. ஆற்றுவது என்ற சொல் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். காப்பியும் ஆறும், கோபமும் ஆறும்.

தோசைக்கல்லில் தண்ணீர் தெளிப்பதைப் பற்றிக் கேட்டவருக்கு: "சுர்" என்று பொங்கி அடங்கினால் பதம். துளிகள் முத்து முத்தாக ஓடி விளையாடினால் கல் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது, 200 டிகிரி போல. துளிக்கு அடியில் ஒரு நீராவிப் படலம் உண்டாகி அது துளியைத் தாங்கிக்கொள்கிறது. ஆவி வெப்பத்தை எளிதில் கடத்தாததால் துளி சீக்கிரம் ஆவியாகாமல் ஓடுகிறது. லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1756-ல் இதை எழுதினார். நம் பாட்டிகள் எழுதவில்லை, தோசை சுட்டார்கள்.

மே 6

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளுக்காக இன்று மதியம் மூன்று மணிக்குக் கரண்டிச் சோதனையை மறுபடி செய்தேன். தோற்றுப்போயிற்று! "ரெண்டும் ஒரே மாதிரிதான் மிஸ் இருக்கு" என்கிறார்கள். நானும் தொட்டுப் பார்த்தேன், வித்தியாசமே இல்லை. ஒரு நிமிடம் திகைத்துப்போனேன்.

அப்புறம்தான் சுவரில் மாட்டிய வெப்பமானியைப் பார்த்தேன். 34. உள்ளங்கையும் கிட்டத்தட்ட அதே. வெப்பநிலையில் வித்தியாசம் இல்லையென்றால் வெப்பம் எந்தப் பக்கமும் போகாது. எவர்சில்வர் நூறு மடங்கு நன்றாகக் கடத்தினாலும் கடத்த ஒன்றும் இல்லையே!

இரண்டு கரண்டியையும் மாடிக்கு எடுத்துப் போய்க் கைப்பிடிச் சுவரில் வெயிலில் வைத்தோம். கால் மணி நேரம். இப்போது எவர்சில்வரைத் தொட்டவள் "ஆ" என்று கையை இழுத்துக்கொண்டாள். மரம் சும்மா வெதுவெதுப்பு. காலையில் ஜில்லென்று இருந்த அதே கரண்டி. "உலோகம் இயல்பிலேயே குளிர்ச்சி" என்று இழையைத் தொடங்கியவர் கேட்டாரே, அவருக்கு நான் மார்ச்சிலேயே சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். இரண்டு மாதம் பிந்திவிட்டது.

(வெயிலில் இரண்டும் துல்லியமாக ஒரே வெப்பநிலை என்று சொல்ல மாட்டேன். பளபளப்பும் நிறமும் கதிர்வீச்சை வெவ்வேறு அளவில் ஏற்கும். ஒப்பிட வேண்டுமென்றால் சூடான அறைக்குள், நிழலில் வைத்துச் செய்வதுதான் முறை.)

மே 9

ஃபேன் அறையைக் குளிர வைக்குமா? ஒரு அம்மா கேட்டிருக்கிறார். ஆய்வகத்தில் இருக்குமே, சிவப்புத் திரவம் உள்ள வெப்பமானி, அதை ஃபேனுக்கு அடியில் பிடியுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி வேண்டாம், 35-க்குக் கீழே அதற்குத் தெரியாது. ஃபேன் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதே எண்தான். பிறகு குமிழைச் சுற்றி நனைத்த பருத்தித் துணி கட்டுங்கள். எங்களுக்கு 35-லிருந்து 26 வரை இறங்கியது. கண்ணெதிரே சிவப்புக் கோடு வழுக்கிக்கொண்டு இறங்குவதைப் பார்க்கப் பிள்ளைகள் தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள். ஃபேன் குளிர வைப்பது நம் வியர்வையை வைத்துத்தான். ஆளில்லாத அறையில் அது சும்மா சுற்றுகிறது, அணைத்துவிடலாம்.

இதே ஊட்டிக் கணக்கு சென்னையில் வராது. அங்கே காற்றில் ஈரம் அதிகம், ஆவியாதல் மந்தம், 29 அல்லது 30-லேயே நின்றுவிடும். சென்னைக்காரர்கள் பானையைக் குறை சொல்ல வேண்டாம்.

மே 10

மேலே "ஊட்டிக் கணக்கு" என்று கைதவறி எழுதிவிட்டேன், மதுரைக் கணக்கு. தொப்பி நினைவு.

மே 13

மாடி வீட்டில் ராத்திரி எட்டு மணிக்குத்தான் அறை கொதிக்கிறது, வெயில் போய் இரண்டு மணி நேரம் ஆன பிறகும் ஏன் என்று கேட்டவருக்கு. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கிக்கொள்கிறது. அந்த வெப்பம் கடத்தல் மூலம் மேலிருந்து கீழ்ப்பரப்புக்கு வந்து சேர மணிக்கணக்காகும். மதிய வெயில் உங்களுக்கு ராத்திரிதான் வந்து சேர்கிறது. கூரைக்கு அடியில் நின்று தலைக்கு மேல் கையை நீட்டிப் பாருங்கள், தொடாமலேயே உள்ளங்கையில் சூடு உறைக்கும். அது கதிர்வீச்சு. மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலில் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடும். சாயங்காலம் தண்ணீர் தெளிப்பதும் உதவும், ஆனால் மே மாதத்தில் தண்ணீருக்கு எங்கே போவது?

மே 24

பானைக் கதை முடியவில்லை. அந்தச் சுழியம் வாங்கிய பையனின் அப்பா காய்கறிக் கடை வைத்திருக்கிறார். கடை மூடிய பிறகு எலக்ட்ரானிக் தராசின் மேலேயே எட்டு லிட்டர் தண்ணீர் ஊற்றிய பானையை ராத்திரி முழுக்க வைத்துவிட்டான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காலையில் நோட்டோடு ஓடி வந்தான். தண்ணீர் 33-லிருந்து 27. என் கணக்குப்படி 83 கிராம் குறைந்திருக்க வேண்டும். தராசு காட்டியது 310 கிராம் குறைவு.

"மிஸ், உங்க கணக்கு தப்பு."

பெருக்கலைச் சரிபார்த்தோம். சரியாகவே இருந்தது. 310 கிராம் ஆவியாக ஏழரை லட்சம் ஜூல் வேண்டும். தண்ணீர் குளிர்ந்ததால் கிடைத்தது இரண்டு லட்சம். மீதி ஐந்தரை லட்சம் எங்கிருந்து வந்தது? நான் சொல்லாமல் இருந்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. பையன் திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு, "பானை கடையவிட ஜில்லுனு ஆனதும் கடையிலருந்து சூடு உள்ள வந்துக்கிட்டே இருக்குமா?" என்றான்.

வந்துகொண்டே இருக்கும். காற்றும் சுவரும் வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்க, பானை அதை ஆவியாக்கி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகும் இடத்தில்தான் 27 நின்றது. ஏப்ரல் 16-ல் நான் போட்ட கணக்கு, வெளியிலிருந்து ஒரு துளி வெப்பமும் உள்ளே வராத பானைக்கு. அப்படிப்பட்ட பானை எந்தக் கடையிலும் இல்லை. அந்தக் குறிப்பில் "அரை டம்ளர்" என்பதை "குறைந்தது அரை டம்ளர்" என்று திருத்தி வாசியுங்கள்.

இன்று ராத்திரி பானைக்குப் பக்கத்தில் அதே அளவு தண்ணீரோடு ஒரு எவர்சில்வர் குடமும் வைக்கப் போகிறானாம். இரண்டாவது தராசுக்குப் பக்கத்துப் பழக்கடைக்காரரிடம் கேட்டுவிட்டான்.